மலையாளம் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பிழையின்றித் தமிழ் எழுதக் கற்பிப்பது எப்படி?

வாசகர் கடிதம்:

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். என் மகன் தமிழ்வழியில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். மலையாளமும் ஒரு பாடம். விளையாடுவதெல்லாம் மலையாளம் பேசும் பிள்ளைகளோடு. தமிழில் கட்டுரை எழுதினால் பக்கம் முழுவதும் சிவப்பு மைதான். ‘வாழ எல’, ‘பல்லிக்கூடம்’, ‘முயற்ச்சி’ என்றெல்லாம் எழுதுகிறான். போன வாரம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, ‘அப்பா சந்தைக்கு போயி. மாடு வாங்கி. நானும் கூட போயி’ என்று எழுதியிருந்தான். பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனார் அதைப் படித்துவிட்டு, ‘இது என்ன தமிழ்?’ என்று சிரித்தார். தவறாக எழுதிய சொற்களை நூறு தடவை எழுத வைக்கிறேன், பயனில்லை. மலையாளத்தை வீட்டுக்குள் வராமல் நிறுத்திவிடலாமா? இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா? ஆங்கிலவழிக்கு மாற்றிவிடலாமா என்றுகூட அவன் அப்பா யோசிக்கிறார்.

– ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் எழுதிய வரிகளைப் பல முறை படித்தேன். எல்லையோரத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வரிகளில் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கேட்டு வளரும் பிள்ளை, ஒன்றின் ஒழுங்கை மற்றொன்றில் பொருத்தி எழுதியிருக்கிறான். எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்தும் வழியும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ‘எழுத்துப்பிழை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால், நூறு தடவை அல்ல, ஆயிரம் தடவை எழுதினாலும் தீராது.

நாத்தனார் சிரித்த அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ‘அப்பா சந்தைக்கு போயி. மாடு வாங்கி.’ மலையாளத்தில் ‘போயி’ என்றாலும் ‘வாங்ஙி’ என்றாலும் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘வந்நு’ என்ற ஒரே சொல் நான், நீ, அவன், அவள், அவர்கள் என எல்லோருக்கும் பொருந்தும். யார் செய்தார் என்பதைக் காட்டும் விகுதி இன்றைய மலையாள வினைக்குக் கிடையாது. தமிழிலோ வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினையின் கடைசி எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. மலையாளத்தில் முற்றாக நிற்கும் ‘வாங்ஙி’, தமிழில் ‘வாங்கி’ என்னும் எச்சமாகி, இன்னொரு வினையை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் மகன் முற்றுப்புள்ளியைத் தவறாமல் வைத்திருக்கிறான், கவனித்தீர்களா? வாக்கியம் முடிந்துவிட்டது என்று அவன் நம்பியிருக்கிறான். அவன் செய்த பிழைகளில் இதுவும் ஒன்றுதான்; ஆனால் தமிழ் வாக்கியத்தின் அடித்தளமே இதில் இருப்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் எழுதியதை நீங்களே உரக்கப் படியுங்கள். ‘அப்பா மாடு வாங்கி…’ என்று நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, ‘வாங்கி என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். ‘வாங்கி வந்தார்’ என்றோ ‘வாங்கிக் கட்டினார்’ என்றோ அவனே சொல்வான், ஏனென்றால் வீட்டில் அவன் பேசுவது தமிழ். அவன் காதுக்குத் தெரிந்தது கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ‘அத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் எப்படிச் சொல்வாய்?’ என்று அடுத்துக் கேளுங்கள். ‘வாங்கினார்’ வந்துவிடும். பிறகு அதே வினையை ஆள் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்: நான் போனேன், அம்மா போனார், தங்கை போனாள், மாடு போனது, மாடுகள் போயின. வீட்டில் ‘அம்மா வந்தாங்க’ என்று சொல்வதை நோட்டில் ‘அம்மா வந்தார்’ என்று எழுத வேண்டும் என்பதையும் இந்த விளையாட்டுக்கு நடுவிலேயே சொல்லிவிடலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். எச்சம், முற்று என்ற பெயர்களை ஆறாம் வகுப்பில் அவன் தெரிந்துகொள்ளட்டும். அதன் உணர்வு இப்போதே வந்துவிட வேண்டும்.

அடுத்தது எழுத்துகள். மலையாளத்தை வீட்டுக்குள் வராமல் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ர–ற, ல–ள–ழ குழப்பத்துக்கு உங்கள் ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த மருந்தே அதுதான். தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று சின்ன ‘ர’வையும் பெரிய ‘ற’வையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம், பலருடைய வாயில் ‘ழ’வும் ‘ள’வாகிவிட்டது. அதனால் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ படிக்கும் பிள்ளைக்கு, அடுப்புக்கரிக்கு எந்த ‘ரி’, சமைக்கும் கறிக்கு எந்த ‘றி’ என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. மலையாளத்தில் கரியும் கறியும் காதில் விழும்போதே வேறு வேறு. கரை, கறை என்று நாம் எழுதும் இரண்டும் அங்கே ‘கர’, ‘கற’ என்று தெளிவாகப் பிரிந்து ஒலிக்கின்றன. நிறம், சோறு, முறம், விறகு என்று இரு மொழிக்கும் பொதுவான சொற்களில் பெரும்பாலானவை அங்கேயும் அதே பெரிய ‘ற’வோடுதான் இருக்கின்றன. புலி–புளி, பல்லி–பள்ளி, வால்–வாள் ஆகியவையும் அப்படியே. ‘பல்லிக்கூடம்’ என்று எழுதிய பிள்ளையிடம், அந்தச் சொல்லை மலையாளத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘பள்ளிக்கூடம்’ என்று நாக்கை மடித்துத்தான் சொல்வான். சுவரில் இருப்பது பல்லி, நீ படிப்பது பள்ளி என்று ஒரு முறை சொன்னால் போதும். அவன் காதிலேயே விடை இருக்கிறது.

இந்த உதவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நம் பேச்சுத் தமிழில் ‘எல’, ‘வெல’, ‘கொட’, ‘பொக’, ‘வெறகு’ என்கிறோம். பேசுவது போலவே பிள்ளைகள் எழுதுகிறார்கள். உங்கள் மகனின் மலையாளப் பாடநூலைத் திறந்து பார்த்தால், அங்கே ‘இல’, ‘வில’, ‘குட’, ‘புக’, ‘விறகு’ என்று, முதல் எழுத்தில் நம் எழுத்துத் தமிழில் உள்ள அதே இகரமும் உகரமும் அச்சாகியிருக்கும். ‘எல’வா ‘இலை’யா என்று தடுமாறும் பிள்ளையை மலையாள எழுத்தை நினைத்துப் பார்க்கச் சொல்லி, கடைசியில் ஐகாரத்தைச் சேர்க்கச் சொன்னால் இலை, விலை, குடை, புகை என்று சரியாக வந்து நிற்கும். மலை, தலை, வாழை, மழை எல்லாம் இதில் அடங்கும். அவன் எழுதிய ‘வாழ எல’யில் உள்ள இரண்டு பிழைகளும் இந்த ஒரே வழியில் தீர்ந்துவிடும்.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. மலையாளத்தில் ‘தற’ என்று பெரிய ‘ற’வோடு சொல்வது நமக்குச் சின்ன ‘ர’ போட்ட ‘தரை’. அங்கே ‘அம்ம’ என்பது நமக்கு ‘அம்மா’. ஐகாரம் சேர்க்கக் கூடாது. ‘மாங்ங’, ‘தேங்ங’ என்பவை நமக்கு மாங்காய், தேங்காய். இப்படி மாறி வருபவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையாலேயே குறித்து வரச் சொல்லுங்கள். இருபது சொற்கள் சேரும்போது அந்தப் பக்கம் அவனுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

மாங்ங என்ற சொல்லோடு இன்னொரு செய்தியும் வருகிறது. நாம் மூக்கொலியையும் அதற்கு இனமான வல்லெழுத்தையும் சேர்த்து எழுதும் இடத்தில், மலையாளம் பல சொற்களில் மூக்கொலியையே இரட்டித்துவிடுகிறது. நம் கஞ்சி அங்கே கஞ்ஞி, குஞ்சு அங்கே குஞ்ஞு, வந்து என்பது வந்நு. ஒன்று, மூன்று என்பவை அங்கே ஒன்னு, மூன்னு. நம் பேச்சில் ஒண்ணு, மூணு. எழுதும்போது பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. இதற்கு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலேயே பாடம் இருக்கிறது. பேருந்துகளிலும் கடைகளிலும் இரண்டு மொழியிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் பலகை ஒன்றின் முன்னால் மகனை நிறுத்துங்கள். மலையாளத்தில் ‘கொழிஞ்ஞாம்பாற’. தமிழில் ‘கொழிஞ்சாம்பாறை’. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். ‘ழி’ இரண்டிலும் ஒன்று. ‘ஞ்ஞா’ நமக்கு ‘ஞ்சா’ ஆகியிருக்கிறது. பெரிய ‘ற’ இரண்டிலும் இருக்கிறது. கடைசியில் நமக்கு மட்டும் ஐகாரம். நான் மேலே மூன்று பத்திகளில் சொன்னவை அத்தனையும் அந்த ஒரு ஊர்ப் பெயருக்குள் இருக்கின்றன. புத்தகத்தில் படித்ததைவிடத் தெருவில் கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் மறப்பதில்லை என்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இனி ண, ன, ந. ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் மன்றாடுவேன். சுழியை எண்ணினால் வடிவம் தெரியுமே தவிர, எங்கே எது வரும் என்று தெரியாது. நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே விதி இருக்கிறது. டண்ணகரம் என்றால் ‘ட’வோடு சேரும் ண: வண்டி, நண்டு. றன்னகரம் என்றால் ‘ற’வோடு சேரும் ன: கன்று, தென்றல். தந்நகரம் என்றால் ‘த’வோடு சேரும் ந: பந்து, சந்தை. இந்தப் பெயர்களைச் சொல்லிப் பழகிய பிள்ளை ‘வன்டி’ என்றோ ‘கண்று’ என்றோ எழுத மாட்டான். சொல்லின் முதலில் வருவது தந்நகரம்தான். வெந்நீர், முந்நூறு போல இரண்டு சொல் சேர்ந்த இடங்களில் நடுவிலும் வரும். அதை இப்போது சொல்லிக் குழப்ப வேண்டாம்.

‘முயற்ச்சி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய வருத்தம் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே சொல்லைத் தவறாக எழுதிய ஒரு மாணவனை ஐம்பது முறை இம்போசிஷன் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தான். முதல் வரியில் ‘முயற்ச்சி’ என்று எழுதி, அதைப் பார்த்தே மற்ற நாற்பத்தொன்பது வரிகளையும் எழுதியிருந்தான். அந்தப் பிள்ளையின் கையில் பிழையை ஆழமாகப் பதித்தது நான்தான். அதன் பிறகு பணி ஓய்வு பெறும்வரை யாருக்கும் இம்போசிஷன் கொடுத்ததில்லை. அன்று அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: ட், ற் என்னும் இரண்டு புள்ளி எழுத்துகளுக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, கட்சி, ஆட்சி, நட்பு, கற்க. அதுவே ர், ழ், ய் ஆகியவற்றுக்குப் பின்னால் வரும்: வளர்ச்சி, மகிழ்ச்சி, வாய்ப்பு. இதை இன்று மாலையே உங்கள் மகனிடம் சொல்லி, பாடநூலில் இருந்து இவ்வகைச் சொற்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். விதியைத் தானே சோதித்துப் பார்க்கும் மகிழ்ச்சி நூறு தடவை எழுதுவதில் கிடைக்காது.

எழுத வைக்கத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் வேறுபாடு. ஒரு வாக்கியத்தை அவன் உரக்கப் படிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், நினைவிலிருந்து எழுதட்டும், பிறகு திறந்து தானே சரிபார்க்கட்டும். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பிள்ளைக்கு அடுத்த முறை அந்த இடத்தில் கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் நாம் உண்டாக்க விரும்புவது. சொல்வதெழுதுதலையும் இப்படியே செய்யலாம்: ஐந்து சொற்கள், அதற்கு மேல் வேண்டாம், திருத்துவது அவனே. சொற்களை ஒற்றை ஒற்றையாகக் கொடுக்காமல் குடும்பமாகக் கொடுங்கள். பறவை, பறந்தது, பறக்கும் என்று மூன்றையும் சேர்த்து எழுதியவன், ஒன்றில் பெரிய ‘ற’ என்றால் மூன்றிலும் அதுதான் என்று புரிந்துகொள்வான். மறதி, மறந்தான், பழகு, பழக்கம், இவையெல்லாம் அப்படித்தான்.

கட்டுரையோ நாட்குறிப்போ எழுதும்போது, ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். இந்த வாரம் வாக்கியத்தின் கடைசி வினை என்றால், ‘ற’ தவறாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். இது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். பிழையைக் கண்டால் பேனா தானாக எழும். ஆனால் பக்கம் முழுவதும் சிவந்துபோன நோட்டைப் பார்க்கும் ஒன்பது வயதுப் பிள்ளை, அடுத்த முறை தனக்கு நன்றாகத் தெரிந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு இரண்டே வரியில் முடித்துவிடுவான். உங்கள் மகன் தன் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனதை எழுதியிருக்கிறான். மாட்டுக்கு என்ன நிறம், எவ்வளவு விலை சொன்னார்கள், வரும் வழியில் அது நடந்ததா வண்டியில் ஏறியதா என்று முதலில் கேளுங்கள். மூன்று வரி பத்து வரியாகும். எழுத்தைத் திருத்துவதற்கு எழுத்து வேண்டுமல்லவா?

ஒற்றுப்பிழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘சந்தைக்கு போயி’ என்று அவன் எழுதியதில் ஒற்று விடுபட்டிருக்கிறது. இந்த வயதுக்கு மூன்று இடங்கள் போதும். அந்த, இந்த, எந்த என்ற சொற்களுக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும்: அந்தப் பையன். ‘ஐ’ சேர்ந்த சொல்லுக்குப் பின்: பாலைக் குடித்தான். ‘கு’ சேர்ந்த சொல்லுக்குப் பின்: சந்தைக்குப் போனார். இந்த மூன்றும் கைவந்துவிட்டாலே ஒற்றுப்பிழைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். மற்றவை படிக்கப் படிக்க வரும். அதனால்தான் பாடநூல் தவிர வேறு ஏதாவது ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தைத் தினம் பத்து நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழுதிக் காட்டும் வழக்கம் இருந்தால் ஒரு சிறு எச்சரிக்கை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் முன் படித்தவர்கள், லை, னை, ணை, ளை ஆகியவற்றை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடும், றா, னா, ணா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். அது பிழை அல்ல, பழைய வடிவம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அவன் நோட்டில் பாடநூலில் உள்ள வடிவமே இருக்கட்டும்.

ஆங்கிலவழிக்கு மாற்றுவது குடும்பத்தின் முடிவு. ஆனால் எழுத்துப்பிழைக்காக மாற்றாதீர்கள். அங்கே போனால் பிழை தீராது. தமிழ் எழுதும் நேரம் குறைவதால் கண்ணில் படாமல் மறையும், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கோடு எங்கே விழுந்தாலும் இரண்டு பக்கமும் மற்ற மொழிக்காரர்கள் இருப்பார்கள் என்பது தெரிந்தே இருந்தது. அதே ஆண்டில்தான், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்கப் போதிய வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்று கூறும் 350-ஏ பிரிவு அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. உங்கள் மகன் கேரளத்தில் தமிழ்வழியில் படிப்பது யாரோ செய்த சலுகையால் அல்ல என்பதை அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். இரண்டு எழுத்துமுறைகளை ஒன்பது வயதில் கையாளும் பிள்ளை பின்தங்கியவனும் அல்ல.

வகுப்பாசிரியரை ஒரு முறை சந்தித்து, இந்த மாதம் வினைமுற்றை மட்டும் வீட்டில் கவனிக்கப் போகிறோம் என்று தெரிவித்துவிடுங்கள்; வீட்டிலும் பள்ளியிலும் ஒரே இடத்தில் கவனம் இருந்தால் விரைவில் பலன் தெரியும். அடுத்த மாதம் ஐகார ஈறு, அதற்கடுத்த மாதம் ர–ற. ஒவ்வொரு மாதமும் அவன் எழுதிய ஒரு பக்கத்தைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நாத்தனார் அடுத்த முறை வரும்போது, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவனே அவருக்குப் படித்துக் காட்டட்டும்.